கரண்டி நின்ற கிண்ணம்

“ஏண்டி பூரணி, ஆட்டுக்குக் குடுத்தியே அந்த மண்ணு, அத நாய்க்குக் குடுக்கலாமா?”

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை வீராயி இப்படிக் கேட்டாள். பீங்கான் பட்டறையின் கேட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை அவளுடையது. ஒரு கையில் வடிகட்டியும் இன்னொரு கையில் பால் போசியுமாக நின்றுகொண்டு கேட்டாள். ஒரு நாளைக்கு நூறு கேள்வி கேட்கிறவள் அவள். எதற்கும் பதிலை எதிர்பார்த்து நிற்பதில்லை. ஆனால் பூர்ணிமாவுக்கு அந்தக் கேள்வி உள்ளங்கையில் வைத்த கற்கண்டு மாதிரி இருந்தது. பதினெட்டு வயது முடியப்போகிறது. அவளுக்குத் தெரிந்த ஒன்றை, அவளுக்குத்தான் தெரியும் என்று நினைத்து ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

“குடுக்கலாம் பெரியம்மா,” என்றாள்.

“யம்மாடி! வாயத் தொறந்துட்டாடி! மழ வரப்போவுது, வெளிய காயவெச்ச பொம்மையெல்லாம் எடுத்து உள்ள வைங்கடி!”

பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சூடாயிற்று. ஆனாலும் அந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளுக்கு வலிக்கவில்லை.

பெஞ்சுக்கு அடியில் பிஸ்கோத்து படுத்திருந்தது. நிறமும் பிஸ்கட் நிறம், உயிரை விடுவதும் பிஸ்கட்டுக்குத்தான் என்பதால் அந்தப் பெயர். ஆறு வருடத்துக்கு முன்னால் நெய்வேலியிலிருந்து களிமண் ஏற்றிவந்த லாரியில் மண்ணோடு மண்ணாக வந்து இறங்கிய குட்டி. ஒரு காது மடிந்து தொங்கும். வீராயியின் மகன் துபாயில் இருக்கிறான், மாதத்தில் இரண்டு முறை போன் செய்வான். மற்ற நேரமெல்லாம் அவளுக்குப் பேச்சுத் துணை இந்த நாய்தான். “இன்னைக்கு டீத்தூளு மட்டம்டா, குடிக்கிறவன் திட்டப்போறான் பாரு,” என்று அதனிடம்தான் முதலில் சொல்வாள். அது மடிந்த காதை ஒரு முறை அசைக்கும். அவளுக்கு அது போதும்.

முதல் நாள் இரவிலிருந்து அந்த நாய்க்கு வயிற்றுப்போக்கு. பூசைக்குப் பட்டறை முதலாளி போட்ட பிரியாணியின் எலும்பையெல்லாம் வீராயி அள்ளிக் கொண்டுவந்து அதற்கு வைத்திருந்தாள். நாய் சோர்ந்து கிடந்தது. கண்ணோரம் ஈ மொய்த்தது.

பூர்ணிமா பள்ளிக்கூடத்தை விட்டு மூன்று வருடம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்தில் எழுப்பிக் கேட்டார்கள். இதயத்தின் அறைகள் எத்தனை, பெயர் என்ன? அவளுக்குத் தெரியும். படம் போட்டுப் பாகம் குறித்து வைத்திருந்தாள். ஆனால் நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மணி அடிக்கும்வரை நின்றாள். மறுநாள் வயிற்றுவலி என்றாள், அதற்கடுத்த நாளும் வயிற்றுவலி. அம்மா அமுதவள்ளி ஒரு மாதம் அடித்தாள், அழுதாள், பிறகு தன்னோடு பட்டறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்குச் சூளையில் பொம்மை அடுக்கும் வேலை. மகளுக்கு, அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைகளில் தெரியும் இணைப்புக் கோட்டை நனைந்த பஞ்சால் துடைக்கும் வேலை. காளை, கிளி, தவழும் கிருஷ்ணன், குடை பிடித்த பிள்ளையார். பொம்மைகள் எதையும் கேட்காது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

பேசாததையெல்லாம் அவள் எழுதினாள். உடைந்த பொம்மைகளைப் போடும் பட்டறை அட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் வைக்கோலுக்குக் கீழே ஏழு நோட்டுகள். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இன்னமும் ‘பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு’ என்று இருந்தது. உள்ளே முழுக்க நாயும் பூனையும் ஆடும் கோழியும். சொறி பிடித்த நாய்க்கு வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசலாம், ஆனால் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்கு வயிறு உப்பினால் ஓமமும் பெருங்காயமும். கோழி தூங்கி விழுந்தால் கீழாநெல்லியும் சீரகமும். புண்ணில் புழு வைத்தால் சீத்தா இலையை அரைத்து வைத்துக் கட்டுவது. சந்தையில் ஆடு விற்க வந்தவர்கள் பேசிக்கொண்டது, கால்நடை முகாமில் கொடுத்த நோட்டீஸ், போனில் பார்த்த வீடியோ, எல்லாம் அதில் இருந்தது. யார் சொன்னது, எந்தப் பிராணிக்கு, எத்தனை நாள் என்று எழுதி, பக்கத்தில் ‘பலித்தது’, ‘பலிக்கவில்லை’ என்று குறித்திருந்தாள். ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் கட்டம் போட்டு, ‘வெங்காயம், பூண்டு: மாட்டுக்கு ஆகும், கோழிக்கு ஆகும், நாய்க்கும் பூனைக்கும் ஆகவே ஆகாது’ என்று எழுதிவைத்திருந்தாள். அவ்வளவு ஜாக்கிரதையானவள்.

வெள்ளை மண் மூன்றாவது நோட்டில் இருந்தது. மங்கலம்பேட்டைச் சந்தையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதைக் காதில் வாங்கி எழுதியது. பொம்மைக்குப் பயன்படும் சுத்தமான வெள்ளைக் களிமண்ணை உலர்ந்த தூளாக இரண்டு கரண்டி எடுத்து மோரில் கரைத்துக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு கட்டுப்படும். இந்த ஊரில் அது கிடைப்பதற்கா பஞ்சம்? போன ஆடி மாதம் வீராயியின் ஆட்டுக்குட்டிக்கு இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் குட்டி துள்ளியது. அன்றைக்கும் கொடுக்கப் போனபோது வீராயி அவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். “அடி கள்ளி! இத்தன வருசமா வாயில கொழுக்கட்டைய வெச்சிக்கிட்டிருந்தவ, வைத்தியமா பாக்குற?” என்று கன்னத்தைக் கிள்ளினாள். நோட்டுகளைப் பற்றி மட்டும் அவளுக்கும் தெரியாது.

மண் எடுப்பதற்குப் பூர்ணிமா ஒரு வழி வைத்திருந்தாள். சரக்கு அறைக்குள் நுழைந்ததும் இடதுபுறம் நீல டின்னில் உலர்ந்த களிமண் தூள் இருக்கும். சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் பச்சமுத்து, வாசலில் நாற்காலி போட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் டீ குடிக்கப் போகும்போது உள்ளே போய் ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்துவிடுவாள். கேட்டால் தரமாட்டார் என்பதல்ல. அவர் ஒரு சுடுசொல் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் கேட்பதற்கு வாயைத் திறக்கவேண்டுமே.

அன்று காலை பச்சமுத்து எங்கும் போகவில்லை. பூசைக்கு முதல் நாள் பட்டறை முழுவதையும் கூட்டிக் கழுவி, இயந்திரம், அச்சு, டின், தராசு என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வாசலில் கட்டிய வாழைக்கன்று வாடித் தொங்கியது. பச்சமுத்து மிச்சமிருந்த பொரியையும் கடலையையும் மடியில் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

“என்னா பாப்பா, பொரி வேணுமா?”

பூர்ணிமா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பிஸ்கோத்தின் கண்ணோரத்து ஈக்கள் நினைவுக்கு வர, துணிந்து உள்ளே போய் இடதுபுறத்து நீல டின்னைத் திறந்தாள். வெள்ளைத் தூள். இரண்டு கை அள்ளிக் காகிதத்தில் போட்டாள். விரலிடுக்கில் தேய்த்தபோது ஒரு சின்னச் சந்தேகம். களிமண் தூள் தோலில் லேசாக ஒட்டிக்கொள்ளும், வழவழவென்று இருக்கும். இது மைதா மாவு போல உதிர்ந்தது. மோந்து பார்த்தாள். சந்தனமும் ஊதுபத்தியும்தான் மணந்தன. புது லோடு போலிருக்கிறது, வேறு குழியில் வெட்டிய மண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது பச்சமுத்து கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார். ‘இது மண்ணுதானே அண்ணா?’ மூன்றே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் துப்பட்டாவுக்குள் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

டீக்கடையில் வீராயி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் மோரை ஊற்றித் தூளைப் போட்டுக் கரண்டியால் கலக்கினாள். நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து ஊட்டினாள். “குடிடா ராசா. டாக்டரம்மா கை மருந்து. குடிச்சின்னா ரெண்டு மேரி பிஸ்கட்டு.” நாய் அவளுக்காகக் குடித்தது. மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மீதித் தூளைக் கலக்கி இன்னொரு முறை.

சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வந்தபோது வீராயி கேட்டருகிலேயே காத்திருந்தாள்.

“நின்னுபோச்சுடி! காலையிலேருந்து ஒரு தடவ கூட போவல. ரெண்டே வேளைதான், அடச்சி வெச்ச மாரி நின்னுபோச்சு! உன் கைக்குத் தங்கக் காப்பு செஞ்சு போடணும்டி. எங்க காசுன்னு கேக்காத, துபாய்க்காரன் அனுப்புவான்.”

பிஸ்கோத்து படுத்தபடியே வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

வீட்டுக்குப் போய், அம்மா பாத்திரம் விளக்கும் நேரத்தில் ஏழாவது நோட்டை எடுத்தாள். ‘நாய், ஆண், ஆறு வயது, வீராயி பெரியம்மா வளர்ப்பது. வெள்ளை மண், மோரில், இரண்டு வேளை.’ பக்கத்தில் சிவப்பு மையில் ‘பலித்தது’ என்று எழுதினாள். அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடும் போட்டாள். இதுவரை எதற்கும் அவள் கோடு போட்டதில்லை.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு வீராயி சிரித்துக்கொண்டே அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள்.

“பாருடி உன் மருந்த! நேத்து மிச்சத்தக் கழுவ மறந்துட்டேன். கரண்டி வரமாட்டேங்குது. சிமெண்டாட்டம் புடிச்சிக்கிச்சு. வயித்தக் கட்டுற மருந்துன்னா சும்மாவா!”

கிண்ணத்துக்குள் வெள்ளைக் கல். அதன் நடுவில் கரண்டி நட்டுவைத்தது போல் நேராக நின்றது. வீராயி கரண்டியைப் பிடித்துத் தூக்கினாள். கிண்ணமும் சேர்ந்தே மேலே வந்தது.

பூர்ணிமா அந்தக் கல்லையே பார்த்தாள். களிமண் நெருப்பில் வேகாமல் கல்லாகாது. எத்தனை நாள் காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி குழைந்துவிடும். அந்தப் பட்டறையில் ஒரு வாரம் வேலை செய்தவர்களுக்கும் அது தெரியும். தண்ணீர் பட்டதும் தானாகக் கல்லாவது ஒன்றுதான். அச்சு செய்கிற பிளாஸ்டர்.

ஓடினாள். சரக்கு அறையில் நீல டின்னைத் திறந்து ஒரு சிட்டிகைத் தூளை உள்ளங்கையில் போட்டு, பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைச் சொட்டினாள். குழைந்தது. கையை மூடிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் கைக்குள் சூடு பரவியது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியைத் தொட்டது போன்ற சூடு. கையைத் திறந்தபோது அவளுடைய ரேகையெல்லாம் பதிந்த வெள்ளை வில்லை ஒன்று இருந்தது.

“அதுல ஏன் பாப்பா கை வெச்ச? தோலு வெடிக்கும்,” என்றார் பச்சமுத்து. “அது அச்சு ஊத்துற பிளாஸ்டரு. பூசைக்குக் கழுவறப்ப எல்லாத்தையும் எறக்கி, மாத்தி வெச்சிட்டேன். மண்ணு டின்னு அந்தாண்ட மூலையில இருக்குது. மண்ணா வேணும்? கேட்டா எடுத்துக் குடுக்கமாட்டனா?”

அவள் திரும்பி வந்தபோது வீராயியின் சிரிப்பு நின்றிருந்தது. பிஸ்கோத்து முதுகை வளைத்து நின்று ஓங்கரித்துக்கொண்டிருந்தது. வெள்ளையாக நுரைதான் வந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது.

“பூரணி, இது என்னடி இப்பிடிப் பண்ணுது? ஆட்டோவக் கூப்புடு. நீயும் ஏறு. நீ இருந்தா அது பயப்படாது.”

கடைவீதியில் இருந்த கால்நடை டாக்டரிடம் போகும்வரை நாயின் தலை வீராயி மடியிலும் பின்னங்கால்கள் பூர்ணிமா மடியிலும் இருந்தன. வழியெல்லாம் வீராயி நாயிடம் பேசிக்கொண்டே வந்தாள். ரயில்வே கேட் போட்டிருந்தது. “இந்த ரயிலுக்கு இப்பத்தான் நேரம் வாச்சுது பாருடா,” என்று அதற்கும் சொன்னாள். பூர்ணிமா தன் மடியில் கிடந்த அந்த வயிற்றை மெல்லத் தடவினாள். தோலுக்கு அடியில் ஒரு கட்டி. பட்டறையில் தினமும் அவள் கை தொடுகிற ஏதோ ஒன்றைப் போல அது இருந்தது.

டாக்டர் இளைஞர். நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“உள்ள என்னமோ கெட்டியா இருக்குதும்மா. என்னா தின்னுச்சு?”

“பாவி நான்தாங்க. பிரியாணி எலும்பு. ஆசப்பட்டுதேன்னு அள்ளிப் போட்டேன்.”

“எலும்பா... இருக்கலாம். மருந்து எதாவது குடுத்தீங்களா?”

“கை மருந்துதாங்க. பட்டறையில இருக்குற வெள்ள மண்ணு, மோர்ல. இந்தப் பொண்ணுதான் குடுத்துச்சு. ராசியான கைங்க. எங்க ஆட்டக் காப்பாத்துன கை.”

டாக்டர் பூர்ணிமாவைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. “சுத்தமான களிமண்ணுன்னா ஒண்ணும் பண்ணாது. களிமண்ணுதானேம்மா?”

இதயத்தின் அறைகள் நான்கு. அன்றைக்கும் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது.

டாக்டர் பார்த்தார். வீராயி பார்த்தாள். பெஞ்சில் கோழியை மடியில் வைத்திருந்த ஒருவர் பார்த்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பூர்ணிமா ‘ஆமாம்’ என்று தலையை ஆட்டினாள்.

“அப்ப எலும்புதான். குளுக்கோஸ் ஏத்தி ஊசி போடறேன். சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்பவும் வெளிய போவலன்னா புதுச்சேரிக்குக் கொண்டுபோயி வயித்தத் தொறந்துதான் எடுக்கணும்.”

சாயங்காலம் வரை பிஸ்கோத்து பொறுக்கவில்லை. மூன்று மணிக்கு, பெஞ்சுக்கு அடியில் தன் இடத்துக்குத் தானே நகர்ந்து போய்ப் படுத்தது. வீராயி குனிந்து, “டேய்,” என்றாள். மடிந்த காது அசையவில்லை. இன்னொரு முறை, “டேய் பிஸ்கோத்து,” என்றாள்.

பட்டறைச் சுவரை ஒட்டித்தான் குழி தோண்டினார்கள். பச்சமுத்து கடப்பாரை பிடித்தார். அந்த இடத்தில் எங்கே குத்தினாலும் பழைய உடைசல்தான் வரும். ஒரு கை, அரைத் தும்பிக்கை, கண் வரையாத முகம். பூர்ணிமா கீழே உட்கார்ந்து, நாயின் உடம்பில் குத்தாதபடி குழிக்குள்ளிருந்த ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். விரலில் ரத்தம் வந்தது. வீராயி அதைப் பார்த்துவிட்டு, “பாருங்க, இந்தப் பொண்ணுக்கு எம்மாம் பாசம்னு,” என்று எல்லோரிடமும் சொல்லி அழுதாள். அவள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு எட்டு நாள், டீக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் வீராயி ஒரே கதையைச் சொன்னாள். லாரி டிரைவரிடம் சொன்னாள், வேப்பூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் சொன்னாள், துபாயிலிருந்து வந்த போனிலும் சொன்னாள். “நானே கொன்னுட்டேம்ப்பா. எலும்பப் போட்டு நானே கொன்னுட்டேன். புள்ளையாட்டம் வளத்தது, என் கையாலயே போச்சு.” கறி மீன் தொடுவதை விட்டுவிட்டாள். சோறும் சரியாக இறங்கவில்லை என்று அமுதவள்ளி வந்து வீட்டில் சொன்னாள். “நாய்க்குப் போயி இப்பிடியா ஒரு பொம்பள? ஆளு பாதியா எளைச்சிட்டா.” அந்தக் கிண்ணத்தை மட்டும் வீராயி தூக்கிப் போடவில்லை. கரண்டி நின்றபடியே அது டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் பலகைமேல் இருந்தது. “அதோட வாயி கடைசியாப் பட்ட கரண்டி,” என்பாள்.

பூர்ணிமா தினமும் அந்தப் பலகைக்கு எதிரே நின்று டீ வாங்கினாள். வீராயி அவளுக்கு மட்டும் ஒரு பொறை ரொட்டி கூடுதலாகக் கொடுத்தாள்.

வீட்டில் நோட்டைப் பிரித்தாள். ‘பலித்தது’ என்ற சொல் கீழ்க்கோட்டோடு அப்படியே இருந்தது. அதை அடிக்கப் பேனாவை எடுத்தாள், கை வரவில்லை. அடுத்த பக்கத்தில் நடந்ததை எழுத உட்கார்ந்தாள். ‘டின்’ என்று எழுதினாள். மேலே ஓடவில்லை. இத்தனை வருடம் வாயில் வராததெல்லாம் நோட்டில் வந்தது. இது மட்டும் நோட்டில் வரமாட்டேன் என்றது. யாரும் படிக்காத இடத்தில் இதை எழுதி என்ன ஆகப்போகிறது? வீராயி பெரியம்மா செய்யாத கொலையைத் தன் தலையில் சுமந்துகொண்டு தினமும் பட்டினி கிடக்கிறாள். நோட்டுகள் வைக்கோலுக்கு அடியில் சுகமாகக் கிடக்கின்றன.

ஒன்பதாம் நாள் மதியம், பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும் வாசுகி ஒரு துணிப்பையோடு டீக்கடையில் நின்றிருந்தாள். பைக்குள் சாம்பல் நிறப் பூனைக்குட்டி ஒன்று ஈனமாகக் கத்தியது.

“வாடி பூரணி!” வீராயி கூப்பிட்டாள். எட்டு நாளில் அன்றைக்குத்தான் அவள் குரலில் கொஞ்சம் பழைய சத்தம். “ஒனக்காகத்தான் நிக்கிறா. இவ பூனைக்கு வயித்தால போவுதாம். நான்தான் சொன்னேன், டாக்டரு பீஸெல்லாம் எதுக்கு, எங்க பூரணி ஒரு வேள மண்ணு குடுத்தா நிக்கும்னு. என் புள்ளைக்கு நின்னுச்சே! எலும்பு மட்டும் நான் போடாம இருந்திருந்தா...”

“ரெண்டு நாளா பாலே குடிக்கல,” என்றாள் வாசுகி. “குடுக்கிறியா?”

பூனைக்குட்டி பையிலிருந்து தலையை நீட்டிப் பூர்ணிமாவின் விரலை மோந்தது.

“டாக்டருகிட்ட எடுத்துக்கிட்டுப் போங்க அக்கா,” என்றாள் பூர்ணிமா.

“அட, நீதான்...” வாசுகி இழுத்தாள்.

“நான் குடுக்கமாட்டேன். இப்பவே போங்க. குட்டி தாங்காது.” குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. வாசுகி வீராயியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, பையை அணைத்தபடி ஆட்டோ நிற்கும் பக்கம் நடந்தாள்.

“என்னாடி, வந்தவள வெரட்டிவுட்டுட்ட? நாயி போனதுலேருந்து பயந்துட்டியா? பைத்தியமே, அது ஒன்னாலயா போச்சு...”

“மண்ணு இல்ல பெரியம்மா.”

“என்னாது?”

“நான் குடுத்தது மண்ணு இல்ல.” அடுப்பில் பால் முனகிக்கொண்டிருந்தது. பூர்ணிமா அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். “அச்சு ஊத்துற பிளாஸ்டரு. பூசைக்கு டின்ன மாத்தி வெச்சிருந்தாங்க. தொட்டப்பவே கைக்கு வேற மாரி இருந்துச்சு. பச்சமுத்து அண்ணன் அங்கதான் பொரி தின்னுக்கிட்டிருந்தாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு. நான் கேக்கல. தண்ணி பட்டா கல்லாயிடும் பெரியம்மா அது. இந்தக் கிண்ணத்துல ஆன மாரிதான் அது வயித்துலயும் ஆச்சு. அதனாலதான் நின்னுச்சு. எலும்பால இல்ல. நீங்க கொல்லல.”

வீராயி கையில் கழுவிக்கொண்டிருந்த டம்ளர் இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மறுநாள் காலையிலயே எனக்குத் தெரியும். டாக்டரு கேட்டாரு, களிமண்ணுதானேன்னு. நான் தலைய ஆட்டுனேன். இல்லன்னு சொல்லியிருந்தா அப்பவே புதுச்சேரிக்கு அனுப்பியிருப்பாரு. பொழச்சிருக்குமோ என்னமோ. எனக்கு வாய் வரல பெரியம்மா. எல்லாரும் பாத்தாங்க. வாய் வரல.”

பிறந்ததிலிருந்து அவள் இத்தனை வார்த்தைகளை ஒரே மூச்சில் பேசியதில்லை. பேசி முடித்ததும் அடி விழும் என்று நினைத்தாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அந்த வாயிலிருந்து எப்படிப்பட்ட வசவெல்லாம் வரும் என்று ஊருக்கே தெரியும். அதற்காகவே காத்திருந்தாள். ஒரு கெட்ட வார்த்தையாவது வந்தால் போதும் என்றிருந்தது.

வீராயி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். பிறகு குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். அங்கே நாய் படுத்துப் படுத்து வழவழப்பான ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நிமிர்ந்து பலகையிலிருந்த கிண்ணத்தை எடுத்து, மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். கரண்டி அவள் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. பூர்ணிமா எட்டி அடுப்பை அணைத்தாள்.

திரும்பியபோது வீராயி சாலையில் இறங்கியிருந்தாள். கல்லாப் பெட்டியைப் பூட்டவில்லை, தட்டியை இறக்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், “என்னா வீராயி, கடைய வுட்டுட்டு எங்க?” என்று கேட்டார். அவரையும் கடந்துவிட்டாள். பட்டறைச் சுவரோரம் புதுமண் மேடு இருக்கும் பக்கமும் அவள் போகவில்லை. செருப்பில்லாமல், கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஆட்டோ போன வழியிலேயே ரயில்வே கேட்டைப் பார்த்து நடந்தாள். ஒருமுறையாவது திரும்புவாள் என்று பூர்ணிமா பார்த்துக்கொண்டே நின்றாள். வீராயி திரும்பவில்லை, போய்விட்டாள்.